பதினைந்தாம் பக்கம்

தருவைப்பட்டினம் மீன் ஏலக்கூடத்தில் அன்று காலை பத்தரை மணிக்கு வந்து உட்கார்ந்தவர்கள் இவர்கள். மேடையில், வழக்கமாக எடை போடும் இடத்தில், எத்தனை கழுவியும் போகாத சூரைமீன் வாடைக்கு நடுவே, மின்விலை ஆணையத்தின் உறுப்பினர் ரங்கபாஷ்யம். அவருக்கு வலப்பக்கம் செண்பகவல்லி. மாநிலம் முழுவதும் மின்சாரத்தை ஏலம் போடும் 'தராசு' என்ற கணினியை எழுதியவள். இடப்பக்கம், தூணை ஒட்டி, மின்கம்பிகளுக்கு எல்லை வகுக்கும் அதிகாரி அருமைநாயகம். எதிரே, ஐஸ் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, ஊர் ஜனம் எண்பது பேர். முதல் வரிசையில் மனுதாரர் ஜெபமாலை. ஐஸ் பேக்டரியில் மெஷின் பார்ப்பவள். அவள் பக்கத்தில் புருஷன் சந்தியாகு. சந்தியாகுவுக்குப் பக்கத்தில், தனக்கென்று ஒரு நாற்காலி வாங்கிக்கொண்டு, அவருடைய மூச்சு மெஷின்.

அருமைநாயகம் இந்த வரிசையைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எந்தக் கூட்டமானாலும் முதலில் அதைத்தான் எழுதுவார். செண்பகவல்லியின் நாற்காலிக்குக் கை இருந்தது, தன்னுடையதற்கு இல்லை. இதை மட்டும் அவர் எழுதவில்லை. எழுதாமலே ஞாபகம் இருக்கும்.

முள்ளிப்பட்டி உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை முதல் ரேங்க் அருமைநாயகம். இரண்டாம் ரேங்க் செண்பகவல்லி. ஒரு தடவைகூட மாறியதில்லை. இன்று ஐம்பத்திரண்டு வயதில் அவளை ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும். அருமைநாயகத்தைத் தெரிந்தவை கம்பிகள் மட்டும்தான்.

ஜெபமாலை எழுந்தாள்.

"ஐயா, மொதல்ல எல்லாரும் அந்தா வாசல் வழியா பாருங்க. காத்தாடி தெரியுதுல்லா?"

தெரிந்தது. உப்பளத்துக்கு அப்பால், மணற்குடிக் கரையில், வரிசை வரிசையாகக் காற்றாலைகள் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தன. ஆனி மாசக் கடைசி. காற்று ஏற ஆரம்பித்துவிட்டது.

"நூத்திப் பன்னெண்டு. நானே எண்ணியிருக்கேன். அங்கன மணற்குடியில ஆடி முழுக்க கரண்டு சும்மா. சும்மான்னா சும்மாதான். என் நாத்தனா அங்கதான் வாக்கப்பட்டிருக்கா. கோழிக்கூட்டுக்கு ஏசி மாட்டியிருக்காளாம். போட்டோ அனுப்புதா, மூதேவி. எங்களுக்கு யூனிட்டு பத்தொம்பது ரூவா. நடுவுல பதினோரு கிலோமீட்டரு உப்பளம். ஏன் சார், கரண்டு என்ன செருப்பில்லாம நடந்தா வருது?"

கூடம் சிரித்தது. ரங்கபாஷ்யமும் கைக்குட்டைக்குள் சிரித்துவிட்டு வலப்பக்கம் திரும்பினார். "மேடம், கொஞ்சம் புரியறாப்ல சொல்லுங்கோ."

செண்பகவல்லி எழுந்து மேடையை விட்டுக் கீழே இறங்கினாள். இதுதான் அவளிடம் அருமைநாயகத்துக்குப் பொறுக்காதது. அவர் எங்கே போனாலும் நின்ற இடத்திலிருந்து பேசுவார். அவள் இறங்கிப் போய்விடுவாள், ஜனங்களுக்குப் பிடித்துப்போகும்.

"யக்கா, மணற்குடியில மீன் மலை மாதிரி கெடக்குன்னு வைங்க. இங்க உங்களுக்கு நூறு பெட்டி வேணும். வண்டி ஒண்ணே ஒண்ணு. அறுவது பெட்டிதான் ஏத்தும். மிச்ச நாப்பதுக்கு என்ன செய்வீங்க?"

"இங்கனயே பிடிப்போம்."

"இங்க கடல்ல மீன் இல்ல. தொட்டியில தீனி போட்டு வளத்துதான் எடுக்கணும்."

"அப்ப வெல ஏறத்தான செய்யும்."

"கடைசிப் பெட்டி என்ன வெலைக்குக் கெடைச்சுதோ அதுதான் எல்லாப் பெட்டிக்கும் வெல. உங்க ஊர்ல அந்தத் தொட்டி மீன் எதுன்னா, பழைய எண்ணெ ஜெனரேட்டர். தராசு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க ஏலம் போடுது. எவன் எவ்வளவு கரண்டு குடுக்கணும், எந்தக் கம்பியில எவ்வளவு போகணும், மொத்தச் செலவு எப்படிக் குறையும்னு பாக்குது. ஒரு கம்பி ரொம்பிருச்சுன்னா அதுக்கு அந்தப் பக்கம் ஒரு வெல, இந்தப் பக்கம் ஒரு வெல. அது தராசு பண்ற அநியாயம் இல்லக்கா."

ஜெபமாலை யோசித்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மெஷின் எங்கே சத்தம் போடுகிறது என்று கேட்பவள் போல யோசித்தாள்.

"அப்ப கோளாறு மீன்ல இல்ல. ஏலத்துலயும் இல்ல. வண்டியில."

"ஆமா."

"சரி. வண்டி அறுவதுதான் ஏத்தும்னு சொன்னது யாரு?"

செண்பகவல்லி தூண் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அருமைநாயகமே எழுந்தார்.

"எல்லை வகுப்பது நான். உப்பளத்து லைனுக்கு அறுபது மெகாவாட். கம்பியில் மின்சாரம் கூடக் கூடச் சூடு ஏறும். சூடு ஏறினால் கம்பி நீண்டு தொங்கும். எழுபத்தைந்து டிகிரிக்கு மேல் போனால் கீழே உப்பு வாருகிறவர்கள் தலைக்கு ஆபத்து. ஆகவே ஆண்டிலேயே மோசமான ஒரு வேளையை வைத்து, அதாவது காற்றே இல்லாத ஒரு சித்திரை மதியத்தை வைத்து, கணக்குப் போடுவது எங்கள் வழக்கம். விதியும் அதுதான்."

"அப்போ விதிப்படி அறுபது சரி?" என்றார் ரங்கபாஷ்யம்.

"விதிப்படி சரி, ஐயா."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உட்கார்ந்தார். ரங்கபாஷ்யத்தின் பேனா ஓடியது. பின் வரிசையிலிருந்து ஒருவன், "அப்ப அந்தத் தராசத் தூக்கிக் கடல்ல போடுங்க, எழுதினவளையும் சேத்து!" என்று கத்தினான். கைதட்டல். செண்பகவல்லி கீழேயே நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கைதட்டலில் அருமைநாயகத்தின் காதுக்குப் பின்னால் ஏதோ இதமாகச் சூடேறியது.

அப்போது சந்தியாகு கையைத் தூக்கினார். முப்பது வருஷம் விசைப்படகு ஓட்டியவர். நுரையீரல் இரண்டும் அந்தப் புகைக்கே போய்விட்டன. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் மெஷின் ஒருமுறை உஸ் என்றது.

"இந்தக் கூடத்துல நான் எத்தனையோ ஏலம் கேட்டிருக்கேன், சார். என் மூச்சுக்கு நானே ஏலம் கேட்டது... போன ஆடிதான்."

வீட்டுக்கு வீடு ஒரு ஏலப்பெட்டி இருந்தது. விசிறி எத்தனை ரூபாய் வரைக்கும் ஓடலாம், பிரிட்ஜ் எத்தனை வரைக்கும் என்று அதில் எழுதி வைக்க வேண்டும். விலை அதைத் தாண்டினால் அந்தச் சாமானைப் பெட்டி அணைத்துவிடும். சந்தியாகுவின் மெஷினுக்கு ஜெபமாலை 'என்ன விலையானாலும்' என்று வைத்திருந்தாள்.

"பத்தொம்பதுக்கு ஓடுதே, ஒரு மணி நேரம் சமாளிச்சிருவோம்னு... நான்தான் பன்னெண்டுன்னு மாத்தி வச்சேன். இவகிட்ட சொல்லல. வெல கொறையும்னு நெனச்சேன். அன்னிக்கு அது அஞ்சு மணி நேரம் எறங்கவே இல்ல, சார். காத்தாடி சுத்துறதப் பாத்துக்கிட்டே படுத்துக் கெடந்தேன்."

"நீலமா கெடந்தாக," என்றாள் ஜெபமாலை. "பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பன்னெண்ட நான் இப்பவும் மன்னிக்கல."

"இந்தா, பத்து கூட்டத்துல இதயே சொல்லுதா," என்றார் சந்தியாகு. ஜனம் சிரிக்கப் பார்த்து, சிரிக்க முடியாமல் விட்டது.

ரங்கபாஷ்யம் தீர்ப்பு மாதிரி ஒன்று சொன்னார். ஏழு நாளில் இரண்டு அதிகாரிகளும் எழுத்தில் பதில் தர வேண்டும். ஆடி மாதத்துக்கான எல்லைத் தாளும் அதே உறையில் வர வேண்டும். "எல்லை சரியாக இருக்கும் பட்சத்தில் தவறு தராசினுடையது என்றே கொள்ள நேரிடும். அதன் தலைமையை மாற்றப் பரிந்துரைப்பேன். அடுத்த மூத்த அதிகாரி பொறுப்பேற்கலாம்."

அடுத்த மூத்த அதிகாரி யாரென்று அந்தக் கூடத்தில் இரண்டு பேருக்குத் தெரியும்.

*

வெளியே டீக்கடை பெஞ்சில் செண்பகவல்லி தனியாக உட்கார்ந்திருந்தாள். அருமைநாயகம் தாண்டிப் போய்விடத்தான் பார்த்தார்.

"ஏ அருமை. டீ குடிச்சிட்டுப் போ."

"வேண்டாம் மேடம்."

"இன்னொரு தடவ மேடம்னே, கிளாசால அடிப்பேன். உக்காரு."

உட்கார்ந்தார். அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, டீ சிந்தாத இடமாகப் பார்த்து பெஞ்சில் விரித்தாள்.

"இது என்னன்னு தெரியுதா? நிழல் விலை. தராசு ஏலம் போடும்போதே ஒவ்வொரு கம்பிக்கும் இதையும் போட்டுரும். இந்தக் கம்பி இன்னும் ஒரே ஒரு மெகாவாட் தாங்கியிருந்தா ஊருக்கு எவ்வளவு மிச்சமாயிருக்கும்னு. மாநிலத்துல இருபதாயிரம் கம்பி. முக்காவாசிக்குப் பூச்சியம். எதுக்கு ரொம்ப அதிகமோ அது மேல வரும். பக்கத்துல எல்லைக்குக் கையெழுத்துப் போட்டவன் பேரும் வரும்."

மூன்று ஆண்டு ஆடி மாதங்கள். மூன்றிலும் முதல் வரி ஒன்றேதான்: உப்பளத்து லைன், சி. அருமைநாயகம்.

"பத்தாம் கிளாஸ் முடிச்சு இத்தன வருசம் கழிச்சு," என்றாள் அவள், "மறுபடியும் நீதான்யா ஃபர்ஸ்ட் ரேங்க்."

கேவலம், அந்த அரை விநாடிக்கு அவருக்கு மனசு குளிர்ந்தது. தன் பெயர் மேலே. அவள் பெயர் எங்குமே இல்லை. அடுத்த அரை விநாடியில்தான் எதில் முதல் என்பது உறைத்தது. கிளாஸ் கையைச் சுட்டது.

"இத உள்ள குடுத்திருந்தா உன் பேரு அடிபட்டிருக்காது," என்றார். "ஏன் குடுக்கல?"

"குடுத்தா உன் கையெழுத்தப் புடுங்கிருவாங்க. எல்லையையும் தராசே போட்டுக்கட்டும்பாங்க. அது நடக்கக் கூடாது. தராச எழுதினவ நான். அதனால எனக்குத்தான் அதப் பாத்தா ரொம்பப் பயம். வெல கொறையணும்ங்கிற ஒரே வெறியில அது எதையும் செய்யும். முன்னால ஒரு வருசம் எவனோ கள்ள நம்பரத் திணிச்சு ஆறு ஊர் இருட்டாச்சே, ஞாபகம் இருக்கா? அதுக்குப் பெறகு ஒரு விதி வந்துச்சு. எல்லைய ஒரு மனுசன் தன் கையால, மையால எழுதி, உறையில அரக்கு வச்சு அனுப்பணும். வேற எந்த வழியா வந்தாலும் தராசு எடுத்துக்கக் கூடாது."

"தெரியும். அந்த விதிதான் எனக்குச் சோறு போடுது."

"அத எழுதினது நான்தான்."

அவருக்குத் தெரியாது.

"எழுதும்போது உன்னைத்தான் நெனச்சேன். எவன் வந்து கெஞ்சினாலும், மெரட்டினாலும், அளக்காத எதுக்கும் கையெழுத்துப் போடாத ஆளு ஒண்ணு வேணும்லா. காத்துக்குத் தக்கன எல்லைய ஏத்தி எறக்கலாமான்னு மூணு வருசத்துக்கு முன்னால உங்கிட்ட கேட்டேன். பதினாலு பக்கம் எழுதின. பூரா படிச்சேன். காத்துல அளந்த சூடு மட்டும் அதுல இல்ல. அளந்திருந்தா எழுதியிருப்பான், பாவம், கருவியோ ஆளோ இல்லபோலன்னு நெனச்சுக்கிட்டேன். பெறகு ரெண்டு தடவ கேட்டேன். 'முந்தைய கடிதம் காண்க'ன்னு ஒத்த வரி போட்ட." அவள் சிரித்தாள். "அசல் நீதான். சரி, இந்தத் தடவையாவது அளந்து பாரேன். எனக்காக இல்ல. அந்த மூச்சு மெஷினுக்காக. அளந்து அறுவதுதான்னு வந்தா, நான் எந்திரிச்சுப் போறேன். உன் மேல ஒரு வருத்தமும் இல்ல."

டீக்காசை அவளே கொடுத்தாள். அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

*

உப்பளத்து லைனுக்கு அடியில் அருமைநாயகம் போய் நின்றபோது மணி ஒன்று பத்து. தூரத்திலிருந்தே கம்பியின் சூட்டைப் படிக்கும் கருவியை முக்காலியில் பொருத்தினார். காற்று சட்டையைப் பிய்த்தது. பாத்திகளில் உப்புத் தண்ணீர் சுருக்கம் விழுந்து ஓடியது.

அளப்பதற்கு முன்பே அவருக்கு விடை தெரியும். மூன்று ஆண்டுகளாகத் தெரியும்.

காற்றாலையைச் சுழற்றுகிற அதே காற்று கம்பியையும் குளிர வைக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆறிப்போன டீயைக் கேட்டால் சொல்லும். மின்சாரம் ஏராளமாக வரும் நேரமும் கம்பி ஏராளமாகத் தாங்கும் நேரமும் ஒன்றே. காற்றில்லாத சித்திரை மதியத்தின் எண்ணை ஆடிக் காற்றுக்கு மாட்டி வைத்ததால்தான் தருவைப்பட்டினம் பத்தொன்பது ரூபாய் கொடுக்கிறது.

செண்பகவல்லி முதல் தடவை கேட்டபோதே அவர் அளந்திருந்தார். ஆடி ஒன்பது, பகல் ஒன்று பத்து, கம்பியில் முழு அறுபது மெகாவாட். நாற்பத்தொன்றரை டிகிரி. எழுபத்தைந்து வரை தாங்கும் கம்பி, அந்த வெயிலில் நாற்பத்தொன்றரையில் ஜில்லென்று கிடந்தது. அன்று சாயங்காலமே ஆட்சேபக் கடிதத்தின் கடைசிப் பக்கமாக அதை எழுதினார். பக்கங்களுக்கு எண் போடுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு: 1/15, 2/15 என்று தொடங்கி 15/15 வரை. ஒரு தாள் தொலைந்தாலும் தெரிந்துவிடும். பதினான்கு பக்கம் தயக்கங்களைச் சொல்லி, பதினைந்தாம் பக்கத்தில் 'எனினும் கள அளவு கீழ்க்கண்டவாறு உள்ளதால், உயர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம்' என்று முடித்திருந்தார். நேர்மையான கடிதம்.

மறுநாள் காலைப் பத்திரிகையில் படம் வந்தது. தராசின் ஆண்டு விழாவில் எடுத்தது. 'மின்சாரத்தை எடை போடும் பெண்' என்று தலைப்பு. செண்பகவல்லி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பக்கத்தில், படத்தின் ஓரத்தில், கோடு போட்ட சட்டையில் ஒரு முழங்கை. அந்த முழங்கை அருமைநாயகத்தினுடையது. மற்றதை வெட்டிவிட்டிருந்தார்கள்.

அந்தப் படத்தை அவர் கால்மணி நேரம் பார்த்தார். பிறகு கடிதத்திலிருந்து கடைசிப் பக்கத்தை உருவினார். ஆனால் மற்றப் பக்கங்களில் /15 என்று இருந்ததே? பதினான்கு பக்கத்தையும் புதிய தாளில் திரும்ப எழுதினார், 1/14, 2/14 என்று. கை வலிக்க வலிக்க ஒரு பகல் பூராவும் எழுதினார். கோபத்தில் செய்ததென்று பிறகு தன்னிடமே சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒரு பகல் முழுக்க, அழகான கையெழுத்தில், கோபம் நிற்காது. பொறாமை நிற்கும். அதற்குப் பொறுமை ஜாஸ்தி.

கிழிக்கவும் இல்லை. எதையும் கிழித்துப் போட்டுப் பழக்கமில்லாதவர். பதினைந்தாம் பக்கம் அலுவலக மேசையின் அடி இழுப்பறையில், கோப்பில், தேதிப்படி இருந்தது.

கருவி கூவியது. நாற்பத்திரண்டு. மறுபடி அளந்தார்: நாற்பத்தொன்றேமுக்கால். மூன்றாவது தடவை அளந்துகொண்டிருந்தபோது சைக்கிள் மணி கேட்டது.

உப்பளத்துப் பாதையில் மூன்று சக்கர சைக்கிளை ஜெபமாலை மிதித்து வந்தாள். பின்னால் சந்தியாகு, மடியில் மெஷினை வைத்துக்கொண்டு.

"என்ன சார், வண்டி எத்தன பெட்டி ஏத்தும்னு பாக்கியளா?" என்றாள்.

"ஆமாம்மா."

"கம்பி சுடுதா?"

கருவியின் முகத்தைத் திருப்பிக் காட்டினார். அவள் எண்ணைப் படித்தாள். ஐஸ் பேக்டரியில் நாளெல்லாம் சூட்டு எண்களைப் பார்ப்பவள்.

"எழுவத்தஞ்சு வரைக்கும் தாங்கும்னுல்லா சொன்னீய?"

"சொன்னேன்."

"இது என் மெஷினு பேரிங்கை விடக் கொறச்சலாருக்கு." அவள் கம்பியை அண்ணாந்து பார்த்தாள். "இன்னிக்குத்தான் அளக்கியளா, சார்? முன்னாடி யாரும் அளந்ததே இல்லியா?"

அருமைநாயகம் கருவியை மறுபடி கம்பிப் பக்கம் திருப்பினார். சந்தியாகுவின் மெஷின் ஒருமுறை உஸ் என்றது, இரண்டு முறை, மூன்று முறை.

"வெயில்ல நிக்காக, விடு," என்றார் சந்தியாகு. "சார், தொப்பி இல்லாம இங்கன நிக்காதீய. எனக்காவது மெஷின் இருக்கு."

அவர்கள் போன பிறகும் அருமைநாயகம் அங்கேயே நின்றார். அவள் கேட்டதும் அவர் கருவியைத் திருப்பியதை அவளும் கவனித்துவிட்டுத்தான் போனாள்.

*

ஆறு நாள் போனது. ஏழாம் நாள் பகல் இரண்டு மணிக்கு அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தார். தபால் வேன் நாலு மணிக்கு.

வழி ஒன்று இருந்தது. ஆறு நாளும் அதையே புரட்டிப் பார்த்துவிட்டார். புதிய அளவை மட்டும் எழுதினால் போதும். 'ஆணையத்தின் உத்தரவுப்படி இப்போது அளக்கப்பட்டது, உயர்த்தலாம்.' ஆடியில் தருவைப்பட்டினத்துக்கு விலை இறங்கும். சந்தியாகு மூச்சு விடுவார். முன்பு ஏன் அளக்கவில்லை என்றால், முன்பு விதி அப்படி. ஒருவரும் கேட்க மாட்டார்கள். போன மூன்று ஆடிகளுக்கு மட்டும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். எல்லை விதிப்படி சரியாக இருந்த பட்சத்தில் அது தராசினுடையது. கை வைத்த நாற்காலி காலியாகும். எல்லாம் சுத்தமாக இருந்தது. யாரும் சாகவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை.

அதோடு, செண்பகவல்லியும் கடைசி வரை அவரை அளக்காத எதுக்கும் கையெழுத்துப் போடாத அருமையென்றே நினைத்துக்கொண்டு போவாள்.

அங்கேதான் முள் தைத்தது. இத்தனை வருஷம் அவளிடம் இருந்த எல்லாவற்றின் மீதும் அவருக்கு ஆசை இருந்தது. பேர், படம், நாற்காலி எல்லாம். அவரைப் பற்றி அவள் வைத்திருந்த நம்பிக்கை ஒன்றுதான் அவளிடமிருந்து அவருக்குச் சும்மா வந்தது. அதற்கும் அவர் தகுதியில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும். அவள் நினைத்து விதி எழுதிய அந்த அருமைநாயகம் மீதுகூட அவருக்கு இப்போது பொறாமையாக இருந்தது. நல்ல ஆள் அவன். அந்தப் பதினைந்தாம் பக்கத்தை அவன் அனுப்பியிருப்பான்.

இழுப்பறையைத் திறந்தார்.

முதலில் ஆறு பக்கம் எழுதினார். படித்துப் பார்த்தால் ஆறிலும் பாதி, படத்தை வெட்டிய பத்திரிகைக்காரனைப் பற்றி இருந்தது. மடித்து இழுப்பறையில் வைத்துவிட்டு, ஒரு தாளில் திரும்ப எழுதினார்.

'ஐயா,

ஒன்று. உப்பளத்து லைன் பற்றி மூன்றாண்டுகளுக்கு முன் நான் எழுதிய கடிதம் பதினைந்து பக்கம். அனுப்பியது பதினான்கு.

இரண்டு. பதினைந்தாம் பக்கத்தை இத்துடன் வைத்துள்ளேன். அதில் உள்ள அளவு அன்றே எடுத்தது. சென்ற வாரம் மறுபடி எடுத்தேன். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசமில்லை.

மூன்று. அந்தப் பக்கத்தை நீக்கியது நான். வேறு எவருக்கும் தெரியாது. நீக்கியதற்குத் தொழில் சார்ந்த காரணம் எதுவும் இல்லை.'

நான்கு என்று எழுதிவிட்டுப் பேனா நின்றது. பத்து நிமிஷம் நின்றது. எழுத வேண்டியது என்னவென்று நன்றாகத் தெரிந்தது, கைதான் போகவில்லை. முப்பது வருஷமாக அந்தக் கை அந்தப் பெயரைப் பாராட்டி ஒரு வரி எழுதியதில்லை. சுவரில் ஏலப்பெட்டி கண் சிமிட்டியது. விலை மாறியது. தருவைப்பட்டினம், பதினாறு ரூபாய்.

'நான்கு. தராசின் மீதோ, அதை எழுதிய திருமதி செண்பகவல்லி மீதோ பிழை இல்லை.'

எழுதிய பிறகு மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தார். ஆகவில்லை. நாளைக்கு அவள் பெயர் மறுபடி மேலே போகும் என்ற நினைப்பு, பல்லிடுக்கில் மாட்டிய மீன்முள் போல, இருந்த இடத்திலேயே இருந்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

பிறகு எல்லைத் தாள். காற்று நின்றால் அறுபது மெகாவாட். காற்றுமானி காட்டும் வேகத்துக்கு ஏற்ப, தொண்ணூறு வரை. கடைசியில் இரண்டு கட்டங்கள். 'சரிபார்ப்பவர்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, 'எனக்குப் பதிலாக வேறொரு அதிகாரியை நியமிக்கப் பரிந்துரைக்கிறேன். இந்த இடம் ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது' என்று ஓரத்தில் குறித்தார். அதற்கு மேல், 'எல்லை வகுப்பவர்' என்ற கட்டம். இருபத்திரண்டு வருஷமாகத் தன் பெயரை எழுதிப் பழகிய இடம். பேனா அங்கே தானாகவே 'சி' என்று போட்டுவிட்டது. அதை அடித்து, பக்கத்தில் 'காற்று' என்று எழுதினார். அடித்ததற்குச் சுருக்கொப்பம் வைத்தார்.

மூன்று தாள். கடிதம், எல்லைத் தாள், பழுப்பேறத் தொடங்கியிருந்த 15/15. மூன்றையும் மூன்றாக மடித்து உறைக்குள் தள்ளினார். நகல் ஒன்று இன்னோர் உறையில், செண்பகவல்லி முகவரிக்கு. மெழுகுவத்தியில் அரக்கைக் காட்டி, உருகி விழுந்ததும் முத்திரையை அழுத்தினார். ஒரு சொட்டு பெருவிரலில் விழுந்தது. ஊதவில்லை.

தபால் வேன்காரர் இசக்கியப்பன் எட்டு நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்.

"எல்லை உறையா, சார்? எப்பவும் தடியா இருக்கும். இந்தத் தடவ என்ன இப்படி மெலிஞ்சுபோச்சு?"

"எழுத வேண்டியது கொஞ்சம்தான் இருந்தது, இசக்கியப்பன்."

இரண்டு உறைகளும் பைக்குள் போயின. பையின் வாய் கட்டப்பட்டது. அருமைநாயகம் வாசல் வரை கூடவே வந்து, ஒப்புகைச் சீட்டில் நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மூன்று ஐம்பத்திரண்டு.